சோதனையில் தோற்றுப்போன கேபிள்: பிழை எங்கே இருக்கிறது?

பாடசாலைகளிலும் கூட்டுறவுச் சங்க அலுவலகங்களிலும் கிராமத்து வைத்தியசாலைகளிலும் கணனிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேபிள்கள் இன்று சுவருக்குள்ளும் முகட்டுக்கு மேலும் ஓடுகின்றன. கணனி பழுதடைந்தால் மாற்றலாம். ஐந்தாறு வருடங்களில் எப்படியும் அதை மாற்றத்தான் வேண்டும். கேபிளோ கட்டடத்தோடு கட்டடமாகச் சேர்ந்துவிடும் பொருள். சுவரைப் பூசி வெள்ளையடித்த பிறகு அதைத் தொடுவது பெருஞ்செலவு. ஆகவே, வேலை முடிந்ததும் கேபிளைக் கருவி கொண்டு சோதித்து, அறிக்கையைப் பெற்றுக்கொண்ட பின்னரே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது நமது சங்கங்கள் பலவற்றுக்கு இப்போது தெரிந்திருக்கிறது. அந்த அறிக்கையில் ‘பெயில்’ என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பலருக்குத் தெரியாமலிருக்கிறது.

அப்படி வரும்போது வழக்கமாக இரண்டு குரல்கள் எழும். “லைற் எரிகிறதுதானே, கணனி வேலை செய்கிறதுதானே, பிறகென்ன?” என்பது வேலை செய்தவரின் குரல். “எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்” என்பது கமிற்றியின் குரல். இரண்டும் ஊர்ப் பணத்தை வீணாக்கும் பேச்சு என்பதே எமது கருத்து. தோற்றுப்போன அறிக்கை கேபிள் முழுவதற்கும் எழுதப்பட்ட மரண அத்தாட்சிப் பத்திரம் அல்ல. எந்த அளவீடு தோற்றது, எந்தச் சோடியில் தோற்றது, எத்தனையாவது மீற்றரில் தோற்றது என்று வாசிக்கத் தெரிந்தால், பெரும்பாலான பிழைகள் கேபிளின் இரு முனைகளிலும் இருப்பதைக் காணலாம். அவற்றைத் திருத்த ஒரு ஜாக்கும் கால் மணித்தியாலமும் போதும்.

முதலில் “லைற் எரிகிறது” என்ற வாதத்தைப் பார்ப்போம். வலையமைப்புக் கேபிளுக்குள் எட்டு வயர்கள், நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. செக்கனுக்கு 100 மெகாபிற் வேகத்தில் ஓடும் பழைய முறைக்கு இரண்டு சோடிகள் போதும். 1999இல் நியமமாக்கப்பட்ட 1000 மெகாபிற் முறைக்கு நான்கு சோடிகளும் வேண்டும். நீலச் சோடியில் ஒரு வயர் அறுந்திருந்தாலும் இக்காலத்துக் கருவிகள் பல தாமாகவே 100க்கு இறங்கி வேலை செய்யும். லைற்றும் எரியும். ஆனால் நாம் பணம் கொடுத்து வாங்கிய வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் நமக்குக் கிடைக்கும். இன்னும் சில இடங்களில் வேகம் குறையாமலே, அனுப்பிய தகவல் இடையிடையே கெட்டுப்போய்த் திரும்பத் திரும்ப அனுப்பப்படும். “மத்தியானத்தில் மட்டும் கணனி மந்தமாகிறது” போன்ற முறைப்பாடுகளின் பின்னால் இப்படியான கேபிள் ஒளிந்திருப்பதுண்டு.

கருவியை முதலில் சந்தேகியுங்கள்

சோதனைக் கருவி என்று மூன்று வகையானவற்றைச் சொல்கிறார்கள். எட்டுச் சிறு விளக்குகள் வரிசையாக எரியும் மலிவுக் கருவி, வயர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். இடைத்தரக் கருவி இந்தக் கேபிளில் குறிப்பிட்ட வேகம் ஓடுமா என்று சொல்லும். மூன்றாவது வகைதான் நியமத்தோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் தரும் கருவி. அது விலை கூடியது, பெரிய ஒப்பந்தகாரர்களே வைத்திருப்பார்கள். நாம் இங்கே பேசுவது இந்த மூன்றாவது கருவியின் அறிக்கையைப் பற்றியே. ஆனாலும் பின்னால் சொல்லப்போகும் சில சோதனைகளுக்கு ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும்.

ஒரு கணனி அறையில் இருபது இணைப்புகளில் பதினெட்டுத் தோற்றுப்போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு ஜாக்குகளையும் ஒரே ஆள் பிழையாகப் பூட்டியிருக்கலாம். அதற்கு முன்பாக, கருவியில் எந்த நியமம் தெரிவுசெய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கற் 5இ கேபிள் 100 மெகாஹேட்ஸ் வரைக்கும், கற் 6 கேபிள் 250 வரைக்கும், கற் 6ஏ 500 வரைக்கும் சோதிக்கப்படுகின்றன. கற் 5இ கேபிளைப் போட்டுவிட்டுக் கற் 6 நியமத்தில் சோதித்தால் தோற்பது கேபிளின் குற்றமல்ல. (கற் 6 கேபிளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கற் 5இ ஜாக்குகளைப் பூட்டியிருந்தால் அது வேறு கதை. அதையும் இந்தச் சோதனையே காட்டிக்கொடுக்கும்.) அடுத்தது, சோதித்தது சுவருக்குள் நிரந்தரமாக இருக்கும் பகுதியையா, அல்லது இரு முனைகளிலும் செருகும் பற்ச் கோட்டுகளையும் சேர்த்தா என்பது. நிரந்தரப் பகுதி 90 மீற்றருக்கு மேற்படக் கூடாது, எல்லாம் சேர்த்து 100 மீற்றர். இரண்டுக்கும் எல்லைகள் வேறு வேறு. ஒன்றைச் சோதிக்க வேண்டிய இடத்தில் மற்றதன் எல்லையைப் போட்டால் பெறுபேறு பொருளற்றது.

கருவியோடு வரும் சோதனைக் கோட்டின் நுனியும் தேயும் பொருளே. ஆயிரக்கணக்கான தடவை செருகி இழுத்த நுனி, நல்ல ஜாக்கையும் கெட்டது என்று சொல்லும். நன்றாக இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஓர் இணைப்பை முதலில் சோதித்துப் பார்த்தால் இச்சந்தேகம் தீரும். கருவியின் இரு பாகங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி ஒப்புநோக்கும் வேலையையும் அன்றன்று செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் பார்க்காமல் சுவரைத் தோண்டப் புறப்படுவது நல்லதல்ல.

எட்டு வயர்களின் வரைபடம்

அறிக்கையின் தலைப்பில் ‘வயர் மப்’ என்று ஒரு படம் இருக்கும். அதில் பிழை இருந்தால், கீழே உள்ள மற்ற அளவீடுகளை அப்போதைக்கு நம்ப வேண்டாம். இதைத் திருத்திவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும்.

வயர் அறுந்திருந்தால் எத்தனை மீற்றரில் அறுந்தது என்று கருவி சொல்லும். 43 மீற்றர் நீளமான கேபிளில் 43ஆவது மீற்றரில் என்று வந்தால் தூரத்து முனையில் வயர் ஜாக்குக்குள் சரியாக இறங்கவில்லை என்பது பொருள். 0 என்று வந்தால் கருவிக்குப் பக்கத்து முனை. 17ஆவது மீற்றரில் என்று வந்தால் மட்டுமே முகட்டுக்கு ஏற வேண்டும். அங்கே பெரும்பாலும் மேசனின் ஆணியோ எலியின் பல்லோ காரணமாக இருக்கும். அணிலும் குறைந்ததல்ல. நடுவழியில் கடித்த கேபிளை முறுக்கி ரேப் சுற்றி ஒட்டுவது பலருக்கும் கைவந்த வேலை. மின் வயருக்கு அது எப்படியோ, வலையமைப்புக் கேபிளில் அந்த ஒட்டு ஒருநாளும் நியமத்துக்கு நிற்காது. அந்தக் கேபிள் முழுவதையும் மாற்றுவதே ஒழுங்கு.

இரு முனைகளிலும் நிற ஒழுங்கு வேறுபட்டிருப்பது இன்னொரு பிழை. ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் இரண்டு ஒழுங்குகள் நியமத்தில் உண்டு. ‘ஏ’யில் பச்சைச் சோடியும் ‘பி’யில் செம்மஞ்சள் சோடியும் முதலில் வரும். எதை எடுத்தாலும் சரி, ஆனால் கட்டடம் முழுவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒருவர் காலையில் ஒரு முனையை ‘ஏ’யாகப் பூட்ட, இன்னொருவர் மாலையில் மறுமுனையை ‘பி’யாகப் பூட்டினால் சோடிகள் இடம்மாறியதாக அறிக்கை சொல்லும். ஒரு முனையை மாற்றிப் பூட்டினால் முடிந்தது.

இவற்றையெல்லாம்விடத் தந்திரமான பிழை ஒன்று உண்டு. ஆர்.ஜே. 45 ஜாக்கில் 1-2 ஒரு சோடி, 3-6 ஒரு சோடி, 4-5 ஒரு சோடி, 7-8 ஒரு சோடி. மூன்றும் ஆறும் ஒரே சோடி என்பதைப் பழகாதவர்கள், நிறங்களை அழகாக வரிசைப்படுத்தி 1-2, 3-4, 5-6, 7-8 என்று இரு முனைகளிலும் ஒரேமாதிரிப் பூட்டிவிடுவார்கள். முதலாவது வயர் முதலாவதற்கும் எட்டாவது எட்டாவதற்கும் போகிறது. மலிவுக் கருவியின் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் 3-6 என்று ஒரே சோடியாகப் போக வேண்டிய சமிக்ஞை இரண்டு வெவ்வேறு முறுக்குகளில் பிரிந்து போகிறது. முறுக்கின் பயன் முழுதும் அங்கே இல்லாமற்போகிறது. ‘பிரிந்த சோடி’ எனப்படும் இப்பிழையைப் பெரிய கருவி உடனே கண்டுபிடித்துவிடும். ‘விளக்கு எல்லாம் எரிந்தது’ என்று சத்தியம் செய்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கருவிக்கு அதற்கு மேல் தெரியாது.

நீளம்

கருவி கேபிளை நாடா வைத்து அளப்பதில்லை. ஒரு துடிப்பை அனுப்பி அது திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கொண்டு கணிக்கிறது. கேபிளில் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 69 வீதத்தில் ஓடும். இந்த வீதம் கேபிளுக்குக் கேபிள் மாறும், தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். கருவியில் 69க்குப் பதிலாக 72 என்று போட்டிருந்தால் 90 மீற்றர்க் கேபிள் ஏறத்தாழ 94 மீற்றராகத் தெரியும். இந்த நிச்சயமின்மைக்காகவே அமெரிக்க நியமம் நீளத்தில் பத்து வீதம் விட்டுக்கொடுக்கிறது. சர்வதேச நியமத்தில் நீளம் ஒரு தகவல் மாத்திரமே. சந்தேகம் வந்தால் உறையைப் பாருங்கள். பெரும்பாலான கேபிள்களில் மீற்றருக்கு ஒரு இலக்கம் அச்சிட்டிருக்கும். ஒரு முனையிலுள்ள இலக்கத்திலிருந்து மறுமுனையிலுள்ளதைக் கழித்தால் உண்மையான நீளம் வந்துவிடும். நான்கு சோடிகளும் சற்று வெவ்வேறு நீளம் காட்டுவது பிழையல்ல. அவற்றின் முறுக்கு வீதம் வெவ்வேறாக இருப்பதால் அப்படி வரும்.

பக்கத்துச் சோடி ஒட்டுக்கேட்பது

தோல்விகளில் அதிகமாகக் காணப்படுவது ‘நெக்ஸ்ற்’ என்று அறிக்கையில் எழுதப்படும் அளவீடு. பழைய தொலைபேசியில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போது வேறு யாரோ இருவரின் பேச்சு மெல்லக் கேட்குமே, அதுதான் இது. ஒரு சோடியில் ஓடும் சமிக்ஞை பக்கத்துச் சோடிக்குள் கசிகிறது. இக்கசிவைத் தடுப்பதற்காகவே வயர்களை முறுக்கிவைத்திருக்கிறார்கள். ஜாக்கில் பூட்டுவதற்காக அந்த முறுக்கை அவிழ்க்கத்தான் வேண்டும், ஆனால் 13 மில்லிமீற்றருக்கு மேல் அவிழ்க்கக் கூடாது. அதாவது சுண்டுவிரல் நகத்தின் அளவு. வேலை இலகுவாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குலம் அவிழ்த்து, வயர்களைக் கையால் நேராக்கி, ஜாக்குக்குள் தள்ளுபவர்களை எங்கும் காணலாம். கற் 5இயில் எப்படியோ தப்பித்துவிடும் இப்பழக்கம், கற் 6இல் மாட்டிக்கொள்ளும். 100 மெகாஹேட்ஸில் முழு இணைப்புக்குக் கற் 5இ கேட்பது 30.1 டெசிபெல், கற் 6 கேட்பது 39.9. இந்த அளவீட்டில் எண் பெரிதாக இருந்தால்தான் நல்லது. பத்து டெசிபெல் என்றால் பத்து மடங்கு வித்தியாசம். பழைய கைப்பழக்கத்தோடு புதிய கேபிளைப் பூட்டுவதால் வரும் தோல்விகளே மிகுதி.

அறிக்கையில் எந்தச் சோடிகளுக்கிடையில் தோற்றது என்பதையும் பாருங்கள். 3-6க்கும் 4-5க்கும் இடையில் என்றால் அனேகமாக ஜாக்கே காரணம். ஏனெனில் ஜாக்குக்குள் மூன்றாவது ஆறாவது ஊசிகளுக்கு நடுவிலேதான் நான்கும் ஐந்தும் இருக்கின்றன, நெருக்கம் அங்கேதான் கூட. நல்ல கருவிகள் கசிவு எத்தனையாவது மீற்றரில் என்று ஒரு படமும் வரைந்துகாட்டும். முனையில் ஒரு உயர்ந்த கூர் தெரிந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு, உறையைப் புதிதாகச் சீவி, முறுக்கை ஜாக்கின் வாய்வரை கொண்டுபோய்ப் பூட்டுங்கள். அதற்குரிய அறையும் கருவியைப் பாவியுங்கள், ஸ்குறூ டிறைவரால் அழுத்த வேண்டாம். படத்தில் கூர் எதுவுமின்றி முழு நீளத்துக்கும் மட்டம் கூடித் தெரிந்தால் முனையில் செய்ய ஒன்றுமில்லை, கேபிளே தரம் குறைந்தது.

ஒரு விசித்திரமும் உண்டு. 60 மீற்றர்க் கேபிள் பாஸாக, அதே ஆள் அதே ஜாக்கில் பூட்டிய 6 மீற்றர்க் கேபிள் தோற்றுப்போகும். “இவ்வளவு குட்டைக் கேபிள் எப்படித் தோற்கும்?” என்று கருவியை ஏசுவார்கள். நீண்ட கேபிளில் தூரத்து முனையின் குறை நம்மிடம் வந்துசேருமுன் மெலிந்துவிடும். குட்டைக் கேபிளில் இரு முனைகளின் குறையும் மெலியாமல் ஒன்றாக வந்து சேரும். இரு முனைகளையும் கவனமாகத் திரும்பப் பூட்டினால் பெரும்பாலும் சரிவரும். பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் இணைப்புகளுக்குச் சில மீற்றரை மேலதிகமாக விட்டு, எட்டு வடிவில் தளர்வாக மடித்து வைப்பதும் உதவும்.

எதிரொலி

கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிறது. கேபிளிலும் அதன் இயல்பு எங்கே மாறுகிறதோ அங்கிருந்து சமிக்ஞையின் ஒரு பகுதி திரும்பிவிடும். இதனை அளப்பதே ‘றிற்றேர்ண் லொஸ்’. கேபிளின் தடங்கல் 100 ஓம் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. எங்கே நசுங்கினாலும், முறிந்து மடிந்தாலும், நனைந்தாலும் அந்த 100 மாறிவிடுகிறது. கேபிளின் விட்டத்தைப்போல நான்கு மடங்கு ஆரைக்குக் குறையாமல் வளைக்க வேண்டும் என்பது விதி. சுவர்ப் பெட்டி ஆழமில்லாததால் ஜாக்கின் பின்னால் கேபிளைக் கூர்மையாக மடித்துத் திணிப்பதும், பிளாஸ்ரிக் கட்டுப்பட்டியைக் குறட்டால் இழுத்து இறுக்குவதும் இவ்வளவீட்டைக் கெடுக்கும் முக்கிய காரணங்கள். கட்டு இறுகி உறை பள்ளமாகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அவ்விடத்துக் கட்டை அறுத்துவிட்டால் சில கேபிள்கள் ஓரளவு மீளும், முறிந்து மடிந்தவை மீளமாட்டா.

அறிக்கை வரைபடத்தில் இவ்வளவீடு எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தும் பாஸ் என்று வருவதைப் பார்த்துச் சிலர் ஏமாற்று என்று நினைப்பதுண்டு. சமிக்ஞை இழப்பு 3 டெசிபெலுக்குக் குறைவாக உள்ள மீடிறன்களில் எதிரொலியைக் கணக்கெடுப்பதில்லை என்பது நியமத்திலேயே உள்ள விதி.

வழியில் வற்றிப்போவது

வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் கடைசி வயலுக்குப் போகுமுன் குறைந்துவிடுவதுபோல, கேபிளிலும் சமிக்ஞை வழியில் வற்றுகிறது. அதனை ‘இன்சேர்ஷன் லொஸ்’ என்பார்கள். நீளம் அளவுக்கு மேற்பட்டால் இது தோற்கும் என்பது எவருக்கும் விளங்கும். நீளம் சரியாக இருந்தும் தோற்றால் மூன்று காரணங்களைத் தேட வேண்டும். நமது நாட்டில் மூன்றுமே மலிந்திருக்கின்றன.

ஒன்று வெப்பம். கேபிளின் எல்லைகள் எல்லாம் 20 பாகை செல்சியசுக்கு வகுக்கப்பட்டவை. அதற்கு மேல் 40 பாகை வரை ஒவ்வொரு பாகைக்கும் இழப்பு 0.4 வீதமும், 40இலிருந்து 60 வரை 0.6 வீதமும் கூடுகிறது. கூரைத் தகட்டுக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே, பங்குனி சித்திரை வெயிலில் என்ன சூடு இருக்கும் என்பதை அங்கே ஏறி வேலை செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 60 பாகையில் இழப்பு 20 வீதம் கூடிவிடுவதால், 90 மீற்றர் வரை போகக்கூடிய கேபிள் ஏறத்தாழ 75 மீற்றருக்கே தாங்கும். காலை ஏழு மணிக்குச் சோதித்துப் பாஸான நீண்ட இணைப்பு மத்தியானத்தில் தோற்பதற்கு இதுவே காரணம். நீளமான இணைப்புகளை வெயில் ஏறிய பிறகு சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேபிளைக் கூரையிலிருந்து இறக்கிச் சுவரோரமாகக் கொண்டுபோக வழியிருந்தால் அதுவே மருந்து.

இரண்டாவது தண்ணீர். கட்டடத்துக்குள் போடுவதற்கான கேபிளை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியால் இழுத்துவிடுகிறார்கள். வெயிலில் உறை வெடிக்கும், மழையில் நீர் இறங்கும். நீர் இறங்கிய கேபிளில் இழப்பும் எதிரொலியும் சேர்ந்தே தோற்கும். காய்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது, கட்டடங்களுக்கிடையில் செப்புக் கேபிளே வேண்டாம் என்போம். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் நமது பகுதிகளில் இடி மின்னல் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. எங்கோ விழுந்த மின்னலின் தாக்கம் அந்தக் கேபிள் வழியாக இரு பக்கத்துக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். மின்சாரம் கடத்தாத ஒளிநார்க் கேபிள், அதாவது ‘பைபர்’, அவ்விடத்துக்கு உரியது.

மூன்றாவது காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் ஒரு பகுதி செம்பே அல்ல. அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செப்புப் பூச்சு. உறையில் ‘கற் 6’ என்று அச்சிட்டிருந்தாலும் இவை எந்த நியமத்திலும் அனுமதிக்கப்பட்டவையல்ல. நியமம் கேட்பது முழுச் செம்பு. அலுமினியத்தின் தடை செம்பினதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அது இலகுவில் முறியும், ஜாக்கில் பூட்டிய இடத்தில் காலப்போக்கில் தளரும். கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கமெராக்களையும் தொலைபேசிகளையும் இதில் இணைத்தால் கேபிள் சூடாகும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சான்றிதழ்க் கருவி தடையையும் அளக்கிறது, ஆனால் அதன் எல்லை நிரந்தர இணைப்புக்கு 21 ஓம் என்று, நீளம் எதுவானாலும் ஒன்றே. ஆகவே 30 மீற்றர் நீளமான அலுமினியக் கேபிள் தாராளமாகப் பாஸாகும். நீண்டவை மட்டும் தோற்கும். “நீளமானவற்றில்தான் பிரச்சினை, அவற்றை மட்டும் மாற்றித் தருகிறேன்” என்று ஒப்பந்தகாரர் சொன்னால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு முனையில் ஒரு சோடியின் இரண்டு வயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டு, மறுமுனையில் மல்ரிமீற்றரால் தடையை அளவுங்கள். மீற்றரின் சொந்த வயர்களின் தடையை முதலில் பார்த்துக் கழித்துவிடுங்கள். செப்புக் கேபிளுக்கு 100 மீற்றரில் ஒரு வயருக்கு 9.38 ஓம் என்பதே நியமத்தின் உச்சம். போக்கும் வரத்தும் சேர்த்தால் மீற்றருக்கு 0.19 ஓம் அளவு. 40 மீற்றர்க் கேபிளில் ஏழரை ஓமுக்கு மேற்படக் கூடாது. பதினொன்று பன்னிரண்டு என்று காட்டினால் விடயம் விளங்கிவிடும். இதைவிட இலகுவானது, வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்ப்பது. வெளியே செந்நிறமும் உள்ளே வெள்ளியும் என்றால் அலுமினியம். வெளியே வெள்ளியாக இருந்து உள்ளே செந்நிறமென்றால் அது ஈயம் பூசிய நல்ல செம்பு, பயப்பட வேண்டாம். இச்சோதனையைக் கேபிள் பெட்டி கடையிலிருந்து வந்து இறங்கிய அன்றே செய்துவிடலாம். சுவருக்குள் போனபின் முழுவதையும் கழற்றத்தான் வேண்டியிருக்கும். முழுவதையும் கழற்றச் சொல்லும் கமிற்றியின் குரல் நியாயமாவது இந்த ஓர் இடத்தில்தான்.

பாஸுமில்லை பெயிலுமில்லை

சில வரிகளில் பாஸ் என்பதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, கருவியின் சொந்தத் திருத்தத்துக்குள் இருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது அதன் பொருள். பெயிலுக்குப் பக்கத்திலும் இக்குறி வரலாம். இருபதில் ஒன்றிரண்டு நட்சத்திரப் பாஸ் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். பதினைந்து அப்படி வந்தால் கேபிளுக்கும் ஜாக்குக்கும் பொருத்தமில்லை, அல்லது வேலை எல்லாம் ஒரேமாதிரி அரைகுறை. நட்சத்திரப் பெயிலைத் திருத்தியே ஆக வேண்டும்.

சுவருக்குள் இருப்பது பாஸாகியும் கணனி மந்தமென்றால் பற்ச் கோட்டைப் பாருங்கள். மிஞ்சிய கேபிள் துண்டில் பிளக் பூட்டிச் செய்த கோட்டுகள் நாளாந்தம் அசைவதால் விரைவில் உள்ளே முறியும். பிளக்கின் பற்களும் பல மெல்லிழை சேர்ந்த வயருக்கு ஒருவிதமாகவும் ஒற்றைக் கம்பிக்கு வேறுவிதமாகவும் செய்யப்பட்டவை. மாறிப் பூட்டினால் இன்று தொடும், நாளை தொடாது. தொழிற்சாலையில் செய்த கோட்டு ஒன்றை வாங்கி மாற்றிப் பார்ப்பதே மலிவான சோதனை.

ஒப்பந்தம் எழுதும்போது, எந்த நியமத்தில் சோதிக்க வேண்டும், நிரந்தரப் பகுதியையா முழு இணைப்பையா, தோற்றவற்றைத் திருத்தி மறுபடி சோதிக்கும் செலவு யாருடையது என்பவற்றை எழுதிவிடுங்கள். அச்சிட்ட தாளோடு நின்றுவிடாமல், கருவியிலிருந்து எடுத்த மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். தாளில் திகதியையும் பெயரையும் மாற்றுவது இலகு. மூலக் கோப்பில் ஒவ்வொரு இணைப்பும் எத்தனை மணிக்குச் சோதிக்கப்பட்டது என்பதும் இருக்கும். இருபது இணைப்புகளின் நீளமும் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால், ஒரே இணைப்பை இருபது தடவை சோதித்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். அறிக்கையிலுள்ள இலக்கமே சுவர்ச் சொக்கற்றிலும் பற்ச் பனலிலும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் ஒருவர் நடந்து சென்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இலக்கமில்லாவிட்டால் பன்னிரண்டாவது இணைப்பு தோற்றது என்று தாள் சொன்னாலும், எந்தச் சுவரைப் பார்ப்பது என்று எவருக்கும் தெரியாது.